பிரதி வேறு, போலி வேறு



1857ஆம் ஆண்டுப் பெரும்புரட்சியைப் பள்ளியில் பயின்ற எவரும் 'என்ஃபீல்டு' என்னும் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவிய தோட்டா என்று ஒரே வரியில் நம் பாடநூல்கள் முடித்துவிடும் அந்தத் துப்பாக்கி, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னும் புத்தம் புதிதாகத் தயாராகி விற்பனைக்கு வருகிறது என்றால் உங்களுக்கு வியப்பாகவே இருக்கும். வடக்கு இத்தாலியில் பிரெஷா நகருக்கு அருகே கார்தோனே வால் ட்ரோம்பியா என்றொரு சிற்றூர் மலைப் பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது. அங்குள்ள தொழிற்கூடங்களில் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள், அதே நீளத்தில், அதே மூன்று வளையப் பட்டைகளுடன் இன்றும் உருவாகிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதனை விலைகொடுத்து வாங்குவோரும், ஒன்றோடு நில்லாமல் வரிசை வரிசையாகச் சேர்த்து வைப்போரும் ஏராளம்.

பழைய துப்பாக்கியின் புதிய பிரதிகளைச் சேகரிப்பவர்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தபால் தலையையும் பழைய நாணயத்தையும் பற்றி எழுதினால் யாரும் இப்படிக் கேட்பதில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தச் சேகரிப்பில் மற்றவற்றில் இல்லாத அளவுக்குக் கூர்மையாக ஒரு கேள்வி எழுகிறது. பிரதி எந்த இடத்தில் போலியாக மாறுகிறது? கொடுக்கல் வாங்கல் பாடத்தை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடத்தி வருபவன் என்ற முறையில், இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. ஆகவேதான் இம்மாதப் பக்கத்தை இதற்கு ஒதுக்கினேன்.

முதலில் அந்தத் துப்பாக்கியைச் சற்று அறிந்துகொள்வோம். அதன் குழல் 39 அங்குலம். மொத்த நீளம் சுமார் 55 அங்குலம். ஒன்பது வயதுச் சிறுவனை அருகில் நிறுத்தினால் அவனைவிட உயரமாக நிற்கும். எடை நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம். குழலின் உட்புறத்தில் மூன்று காடிகள் மெல்லத் திருகிச் செல்லும். 78 அங்குலத்திற்கு ஒரு சுற்று என்பது கணக்கு. இந்தத் திருகலால் குண்டு சுழன்று பறக்கிறது. அதற்கு முன் சிப்பாய்கள் ஏந்திய வழவழப்பான குழல்களில் நூறு கெஜத்துக்கு அப்பால் குறி வைப்பது ஏறத்தாழ வீண் வேலை. என்ஃபீல்டின் குறிகாட்டியிலோ 900 கெஜமும் அதற்கு மேலும் அளவு செதுக்கப்பட்டிருந்தது.

தோட்டா என்றால் இன்று நாம் பித்தளைக் கூட்டை நினைக்கிறோம். அன்று அது காகிதச் சுருள். உள்ளே அளந்த கரிமருந்தும் ஈயக் குண்டும் இருக்கும். வீரன் காகித முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழல்வாயில் கொட்டி, குண்டை அதன் மேல் வைத்து நீண்ட இரும்புக் கோலால் அடிவரை செலுத்துவான். குண்டு வழுக்கிச் செல்வதற்காகவே அதைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்பு தடவினார்கள். பின்பு விசைக்கு அருகே உள்ள சிறு குமிழில் கேப்பைப் பொருத்தி, குறி பார்த்துச் சுடுவான். நம் சிறுவர்கள் வெடிக்கும் பொட்டு வெடிக்குத் தாத்தா முறை இந்தக் கேப்.

அந்தக் கொழுப்பு எந்த விலங்கினுடையது என்பதுதான் 1857இல் எழுந்த கேள்வி. கல்கத்தாவில் கொழுப்பு வழங்கிய ஒப்பந்தக்காரருக்கு, இன்ன விலங்கின் கொழுப்புதான் வேண்டும் என்ற நிபந்தனை எதையும் கும்பெனியார் விதிக்கவில்லை. ஆகவே, கேட்டபோது உறுதியாகப் பதில் சொல்ல அவர்களாலேயே இயலவில்லை. சனவரி மாதம் டம்டம்மில் கிளம்பிய ஐயம் படிப்படியாக வடநாட்டுப் பாசறைகள் அனைத்திற்கும் பரவிற்று. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் மூன்றாம் குதிரைப் படையைச் சேர்ந்த 85 வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுள் முஸ்லிம்களும் இந்துக்களும் கலந்திருந்தனர். அன்று அவர்களிடம் நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். இருந்தும் என்ன பயன்? 'உள்ளே என்ன இருக்கிறது?' என்ற கேள்விக்கு ஒருமுறை நேர்மையான பதில் கிடைக்காமற் போனால், பிறகு சொல்லப்படும் உண்மையும் எடுபடாது. மே 9 அன்று அவர்களுக்கு எல்லார் முன்னிலையிலும் விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மீரட் எழுந்தது. அதற்கடுத்த நாள் தில்லி.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. புரட்சியை அடக்கிய பின்னர் ஆங்கிலேயர் இந்தியச் சிப்பாய்களுக்கென்றே ஒரு தனி மாதிரியை வகுத்தனர். வெளித்தோற்றத்தில் அது என்ஃபீல்டைப் போலவே இருக்கும். ஆனால் குழலின் உட்புறத்தில் காடிகள் கிடையா, வழவழப்பானது. வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கி நெடுந்தொலைவு சுடும். இந்தியச் சிப்பாயினுடையது சுடாது. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

சரி, அவ்வளவு பழைய கருவியை இப்போது மீண்டும் செய்யக் காரணம் என்ன? அதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1861 முதல் 1865 வரை அங்கு நடந்த உள்நாட்டுப் போரில் வடக்கு, தெற்கு ஆகிய இரு தரப்பினரும் இங்கிலாந்திலிருந்து இலட்சக்கணக்கில் என்ஃபீல்டுகளை இறக்குமதி செய்தனர். அப்போரின் நினைவு அந்நாட்டு மக்களின் உள்ளத்தில் இன்றும் ஆறாத வடுவாக உள்ளது. 1950இல் வடக்கு-தெற்குப் போட்டிச் சங்கம் ஒன்று அமைத்து, பாட்டன் காலத்துத் துப்பாக்கிகளைக் கொண்டு இலக்கு நோக்கிச் சுடத் தொடங்கினார்கள். நூறாண்டுப் பழமையான குழல்களும் விசைகளும் எத்தனை நாள் தாங்கும்? தேய்ந்தன, முறிந்தன. போரின் நூற்றாண்டு நினைவு 1961இல் நெருங்கி வரவே, பழைய ஆயுதங்களுக்குத் தேவை பெருகிற்று.

1950களின் இறுதியில் வால் ஃபார்ஜெட் என்னும் அமெரிக்க வணிகர் இத்தாலியில் கார்தோனேயை நாடினார். கோல்ட் நிறுவனத்தின் 1851ஆம் ஆண்டுக் கைத்துப்பாக்கியின் நகலை முதலில் அங்கே செய்வித்தார். அவருடைய நேவி ஆர்ம்ஸ் நிறுவனம் அவற்றை அமெரிக்காவில் விற்றது. அவர் கார்தோனேயைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அன்று. அந்தப் பள்ளத்தாக்கில் இரும்புத் தாதும், உலைக்கு வேண்டிய விறகும், சக்கரம் சுழற்ற ஓடும் நீரும் இருந்தன. 1526இல் வெனிஸ் நகர ஆயுதசாலைக்கு 185 துப்பாக்கிக் குழல்களை வழங்கியதற்கான ஆவணம் பெரெட்டா குடும்பத்திடம் உள்ளது. அக்காலத்து வெனிஸ், உதுமானியப் பேரரசோடு கடலில் மோதி வந்த வல்லரசு என்பதை வரலாறு படித்தவர் அறிவர். அத்தகைய ஊரில் ஊபெர்த்தி, பெதர்சோலி போன்ற நிறுவனங்கள் தோன்றிப் பழைய ஆயுதப் பிரதிகளுக்கென்றே பெயர் பெற்றன. 1970களில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பார்க்கர் ஹேல் நிறுவனமும் என்ஃபீல்டு வரிசையைச் செய்யத் தொடங்கிற்று. அக்காலத்து அளவுக் கருவிகளை ஆதாரமாகக் கொண்டு செய்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. அவ்வாறு பர்மிங்காமில் செய்த பிரதிகளையே இன்று சிலர் தனியாகத் தேடிச் சேர்க்கிறார்கள். பிரதிக்கும் பழமை ஏறிவிட்டது பாருங்கள்!

இவற்றைச் சேகரிப்பவர்களைச் செலவாளிகள் என்று எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். பெரும்பாலோர் வரலாற்று ஆர்வலர்கள். அசலை வாங்கினால் சுட அஞ்ச வேண்டும். சுடாமல் மாட்டி வைத்தாலும் திருடன் பயம். பிரதியின் குழல் புதிய எஃகு. மனம் நிறைய மருந்திட்டுச் சுடலாம். வெடியுப்பு முக்கால் பங்கு, எஞ்சியது கரியும் கந்தகமும் என்ற அந்தப் பழைய கலவை வெண்புகையாய் எழும்போது, ஒரு போர்க்களத்தில் பத்தடி தூரத்தில் நிற்பவனைக்கூட ஏன் காண முடியாமற் போயிற்று என்பது ஏட்டைப் படிக்காமலேயே விளங்கும். சுட்டு முடித்த அன்றே வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவித் துடைத்து எண்ணெயிட வேண்டும். கரிமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்றுவிடும். இதில் சோம்பல் காட்டுபவருக்கு இந்தப் பொழுதுபோக்கு ஒத்துவராது.

பிரதியைப் படித்தறிவதும் ஒரு கலை. இத்தாலியச் சட்டப்படி ஒவ்வொரு துப்பாக்கியும் கார்தோனேயில் உள்ள அரசுச் சோதனைக் கூடத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே வழக்கத்திற்கு அதிகமான மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை பதிப்பார்கள். அதனருகே ஒரு சிறு கட்டத்துக்குள் ஆண்டின் குறியீடு இருக்கும். முன்பு ரோமானிய எண்களில் இருந்தது. 1975 முதல் ஆங்கில எழுத்துகளாயிற்று. 1975க்கு 'ஏ ஏ', 1976க்கு 'ஏ பி' என்று அது தொடர்கிறது. குழலின் மேல் செய்த நிறுவனத்தின் பெயர், நாட்டின் பெயர், கரிமருந்துக்கு மட்டுமே உரியது என்ற எச்சரிக்கை, வரிசை எண் ஆகியனவும் பொறிக்கப்பட்டிருக்கும். எவரும் கேட்காமலேயே, 'நான் 1853இல் பிறந்தவன் அல்லன். இன்ன ஆண்டு, இன்ன ஊரில், இன்னார் கையால் ஆனவன்' என்று அந்த இரும்பு வாக்குமூலம் தருகிறது.

இங்கே என் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். "உஸ்தாது, அசலைப் பார்த்துச் செய்வதே ஏமாற்றுதானே?" என்றார் அவர். சிந்திக்க வேண்டிய கேள்விதான். ஆனால் அசல் என்று நாம் போற்றும் துப்பாக்கியும் ஒரு பிரதியே. '1853 மாதிரி' என்ற பெயரையே பாருங்கள். அரசு ஒரு துப்பாக்கியை ஏற்று, முத்திரையிட்டு, மூல மாதிரியாகப் பத்திரப்படுத்தும். பிறவெல்லாம் அதைப் பார்த்துச் செய்தவை. 1850களில் அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களைத் தருவித்து, ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றிற்கு அப்படியே பொருந்தும்படி என்ஃபீல்டு ஆலையில் செய்தனர். பர்மிங்காமின் சிறு பட்டறைகளில் கையால் செய்தவற்றில் அப்படிப் பொருந்தாது. ஆக, பார்த்துச் செய்தல் என்பதில் குற்றமில்லை. நம் குர்ஆன் பிரதிகளையும் ஒன்றைப் பார்த்து ஒன்றாகத்தானே கையால் எழுதி வந்தார்கள்! எழுதியவர் தம் பெயரையும் எழுதி முடித்த ஆண்டையும் இறுதியில் குறிப்பதை அக்காலத்து நல்லோர் வழக்கமாகக் கொண்டிருந்தனர்.

சிக்கல் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின் களங்களை அதே உடையில், அதே ஆயுதத்தோடு நடித்துக் காட்டும் குழுக்கள் பல உண்டு. 1993இல் வெளிவந்த 'கெட்டிஸ்பர்க்' என்னும் திரைப்படத்தில் அத்தகையோர் ஆயிரக்கணக்கில் பங்கேற்றனர். அவர்களிடையே காலத்துக்குப் பொருந்தாத பொருளோடு வருபவனை 'ஃபார்ப்' என்று கேலி செய்வது வழக்கம். 1863ஆம் ஆண்டுச் சிப்பாயின் தோளில் தொங்கும் துப்பாக்கியில் இத்தாலிய நிறுவனத்தின் பெயர் இருந்தால் நகைப்புக்கு இடமாகாதா? எனவே அந்தப் பெயரையும் சோதனை முத்திரையையும் ஆண்டுக் குறியீட்டையும் அரம் கொண்டு தேய்த்து அகற்றி, விசைப் பலகையில் கிரீடமும் 'டவர்' என்ற சொல்லும் 1861 போன்றதோர் ஆண்டும் பொறித்து, கட்டையின் பளபளப்பான மெருகைச் சுரண்டி எடுத்து ஆளிவிதை எண்ணெய் பூசித் தரும் கைவினைஞர்கள் தோன்றினர். இதற்கு 'டீஃபார்பிங்' என்று பெயர். கூலி கொடுத்து மக்கள் செய்துகொள்கிறார்கள்.

நாடகத்துக்கு வேடம் புனைவதில் தவறு காண்பவன் அல்லன் நான். செய்பவருக்கும் தெரியும், செய்வித்தவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். கைவினைஞருள் நேர்மையாளர் வரிசை எண்ணைக் குழலின் அடிப்புறத்தில் மாற்றிப் பதித்து விடுகிறார்கள். கட்டையைக் கழற்றினால் உண்மை புலப்படும். ஆனால் துப்பாக்கி, மனிதனைவிட நீண்ட ஆயுள் உடையது. இருபது மழைக்காலங்களில் அது நனையும், களத்தில் விழுந்து சிராய்ப்புப் பெறும், இரும்பில் பழுப்பேறும். முதல் உரிமையாளர் விற்பார். வாங்கியவர் வேறொருவருக்கு விற்பார். மூன்றாவது கைக்குச் செல்லும்போது, இத்தாலியில் செய்தது என்று சொல்ல அந்த இரும்பில் ஓரெழுத்தும் இருக்காது. சொல்ல மனிதரும் இருக்கமாட்டார். பொய்யே பேசாத மூவர் கைமாற்றி, நான்காமவர் ஏமாந்து நிற்பார்.

நம் ஃபிக்ஹு நூல்களில் இதற்கு நேரான ஒரு பாடம் உள்ளது. அரபு நாட்டுச் சந்தையில், ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்க நினைப்பவர் சில நாள் பால் கறக்காமல் மடியைக் கட்டி வைப்பார். மடி பருத்துத் தொங்கும். வாங்குபவர், தினமும் இவ்வளவு பால் தரும் போலும் என்றெண்ணி விலை கூட்டிக் கொடுப்பார். மறுநாள் கறந்தால் உண்மை வெளிப்படும். இதனை 'தஸ்ரியா' என்பர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இதனைத் தடை செய்தார்கள். அப்படி வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம்; இல்லையேல் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம் பழத்துடன் பிராணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஷாஃபிஈ மத்ஹபின் நிலை இதுவே. ஹனஃபீ அறிஞர்கள் திருப்பிக் கொடுக்கும் விவரத்தில் வேறுபடுகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, விற்றவர் வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதாகும். ஆடு ஆடுதான், பால் பால்தான். தோற்றம் மட்டுமே பொய் சொல்லிற்று. அதையும் ஷரீஅத் பொய்யாகவே கணக்கில் எடுத்துக்கொண்டது.

மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் திருக்கரத்தை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சியை நீங்கள் பலமுறை ஜும்ஆ உரைகளில் கேட்டிருப்பீர்கள். மேலே உலர்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அது உண்மையாகவும் இருக்கலாம். நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. மக்கள் காணும்படி அதனை மேற்புறத்தில் வைத்திருக்கலாகாதா என்றே வினவினார்கள். இத்தாலியப் பிரதியின் குழல் மேல் இருந்த பெயர், குவியலின் மேற்புறத்தில் வைத்த ஈரத் தானியம். அரம் அதனை உள்ளே தள்ளிவிடுகிறது.

ஏமாற்றத்தின் விளைவு பணத்தோடு நின்றுவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உண்மையான பழம்பொருளாகிய துப்பாக்கியைக் காட்சிப் பொருளாக வைத்திருப்பவருக்கு உரிமம் வேண்டாம் என்று விலக்களிக்கிறது. அதே வடிவில் இக்காலத்தில் செய்த ரைஃபிள் பிரதிக்கோ காவல்துறையின் சான்றிதழ் கட்டாயம். ஒருவர் அசல் என்று நம்பி வாங்கிச் சுவரில் மாட்டியது பிரதியாகிவிட்டால், உரிமமில்லாத ஆயுதம் வைத்திருந்தார் என்ற வழக்குக்கு ஆளாகிறார். விற்றவன் மறைத்த ஒரு முத்திரை, வாங்கியவரைக் குற்றக்கூண்டில் ஏற்றிவிடுகிறது. அமெரிக்க நடுவணரசின் சட்டம் இதற்கு மாறானது. 1898 வரை செய்தவற்றையும், அவற்றின் கரிமருந்துப் பிரதிகளையும் ஒரே தட்டில் வைத்துக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குகிறது. நம் நாட்டிலோ 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, பழுது பார்த்தாலும் சுடவே இயலாத பழங்காலக் கருவிக்குத்தான் விலக்கு உண்டு; சுடவல்லதாயின், அது நாட்டுத் துப்பாக்கியாயினும் இத்தாலியப் பிரதியாயினும் உரிமம் தேவை. வெளிநாட்டில் வாழும் உறவினர் அன்போடு அனுப்ப முன்வந்தாலும் இதனை நினைவில் கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருப்பின் சொல்லவே வேண்டாம். விளையாட்டுக்காகக்கூட ஓர் ஆயுதத்தைத் தன் சகோதரனை நோக்கி நீட்டுவதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்திருக்கிறார்கள். பிரதி என்ற பெயரைக் கேட்டு இது பொம்மை என்று எண்ணிவிடுவோர் உண்டு. அதன் ஈயக் குண்டு 30 கிராமுக்கும் மேல் எடையுள்ளது.

விளையாட்டுத் துறையினர் இவ்விஷயத்தில் முன்மாதிரியாக நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பாராட்டியே ஆக வேண்டும். வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகளுக்கான அனைத்துலகக் குழு நடத்தும் உலகப் போட்டிகளில் அசலுக்கு ஒரு பிரிவு, பிரதிக்கு ஒரு பிரிவு என்று தனித்தனியே வைத்திருக்கிறார்கள். பிரதியோடு வருபவருக்கு அங்கே இழிவு இல்லை, பதக்கமும் உண்டு.

நம்மவர் கதைக்கு வருகிறேன். பாகிஸ்தானின் கோஹாட்டுக்கு அருகில் தர்ரா ஆதம் கேல் என்றோர் ஊர். அஃப்ரீதிப் பட்டாணியரின் பூமி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலம் தொட்டு அங்கே துப்பாக்கி செய்வது குடிசைத் தொழில். தரையில் அமர்ந்து, அரமும் கைத்துரப்பணமும் கொண்டு, மார்ட்டினி ஹென்றியையும் லீ என்ஃபீல்டையும் பார்த்த மாத்திரத்தில் செய்துவிடுவார்கள். அந்தக் கைத்திறன் அல்லாஹ் அளித்த கொடை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கருவியோடு அதன் முத்திரையையும் சேர்த்தே நகலெடுத்தார்கள். 2001க்குப் பின் ஆஃப்கானிஸ்தானுக்கு வந்த அந்நிய நாட்டுப் படைவீரர்கள் ஊர் திரும்பும்போது நினைவுப் பொருளாக எடுத்துச் செல்லக் கடைவீதிகளில் இவற்றைத் தேடினர். பேரரசி விக்டோரியா காலத்து அசல் என்று சொல்லி விற்ற கடைக்காரர்களும் இருந்தார்கள்.

ஊருக்குக் கொண்டுபோய் விவரம் தெரிந்தவரிடம் காட்டியபோது சாயம் வெளுத்தது. விக்டோரியாவின் 'வி ஆர்' என்ற எழுத்தும் கிரீடமும் இருக்கும். அதன் கீழே உள்ள ஆண்டோ அவர் மறைந்த 1901க்கு மிகவும் பிற்பட்டதாயிருக்கும். என்ஃபீல்டு என்ற சொல்லில் 'என்' என்ற ஆங்கில எழுத்து கண்ணாடியில் தெரிவது போல் திரும்பி நிற்கும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒருவர், அதனைப் படமாக எண்ணி வரைந்திருக்கிறார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை, பரிவுதான் வருகிறது. அவர் பட்டறையில் எதை வைத்தார்களோ அதைச் செய்தார். கடையில் உட்கார்ந்து, உள்ளது தெரிந்தும் ஒன்றுக்குப் பத்தாக விலை சொன்னவர் அப்படித் தப்பிவிட முடியாது. வாங்கியவன் நம் மண்ணில் போரிட வந்த அந்நியன்தானே என்று வாதிடுவோர் உண்டு. வியாபாரம் என்று வந்து அமர்ந்துவிட்ட பிறகு அந்த வாதம் செல்லாது. மாற்று மதத்தவரோடு செய்யும் வணிகத்திற்கு வேறு தராசு கிடையாது. தம்மைக் கொல்லச் சூழ்ந்த மக்காவாசிகளின் அமானிதங்களைக்கூட உரியவரிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுவிட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட நாயகத்தின் உம்மத் நாம்.

'வி ஆர்' என்பதற்குப் பதிலாக அந்தக் கொல்லர் தம் பெயரையும் தர்ரா என்ற ஊர்ப்பெயரையும் பொறித்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? கார்தோனேயின் பெயர் இன்று உலகெங்கும் மதிக்கப்படுகிறது. தர்ராவின் செய்பொருளோ, சேகரிப்பாளர் மொழியில் 'கைபர் கணவாய் நகல்' என்ற ஏளனப் பெயரைச் சுமந்து நிற்கிறது. கைத்திறனில் இரண்டாம் ஊர் முதல் ஊருக்குத் தாழ்ந்ததன்று என்பதே என் எண்ணம்.

இனி, சேகரிப்பவர் இல்லங்களில் நேரும் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். இது துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. மதரஸாவில் எந்தச் சட்டத்தை விளக்கினாலும் ஸைதையும் அம்ரையும் துணைக்கு அழைப்பது எங்கள் பழக்கம். ஸைது என்பவர் பிரிட்டனில் உரிய உரிமங்களோடு ஐந்து ரைஃபிள்களைச் சேர்த்து வைத்துவிட்டு மௌத்தாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வாரிசுகள் ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே. ஐந்தில் ஒன்று அசல், நான்கு பிரதிகள் என்று குடும்பத்தார் நம்புகிறார்கள். பிரதி ஒன்றுக்கு ஒரு பங்கு மதிப்பு; அசலுக்கு இரண்டு பங்கு. ஆக மொத்தம் ஆறு. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதப்படி, மகன் நான்கு பிரதிகளையும், மகள் அசல் ஒன்றையும் எடுத்துக்கொள்கிறார்கள். கணக்குச் சரி. ஈராண்டு கழித்து மகள் பணமுடையில் அதை விற்கக் கொண்டுபோகிறாள். வல்லுநர் கட்டையைக் கழற்றிப் பார்த்து, குழலின் அடியில் இத்தாலிய எண் இருக்கிறதே என்கிறார். தந்தை முப்பதாண்டுகளுக்கு முன் முத்திரைகளைத் தேய்க்கக் கொடுத்தது, யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது மொத்த மதிப்பு ஐந்து. மகளுக்குக் கிடைத்தது ஐந்தில் ஒன்று. அல்லாஹ் அவளுக்கு விதித்ததோ மூன்றில் ஒன்று. அண்ணன் ஏமாற்றவில்லை; தந்தையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆயினும் ஒரு பெண்ணின் பங்கு குறைந்துவிட்டது. பங்கீட்டில் தவறு நேர்ந்தது உறுதியானால் அதனை மீண்டும் சீர்செய்வது பற்றி ஃபிக்ஹு நூல்கள் தனியே பேசுகின்றன. இருவரும் மனமொப்பிப் பிரித்துக்கொண்டதாயின் அதில் கருத்து வேறுபாடுகளும் உண்டு. ஆகவே ஊரின் ஆலிமிடம் நேரில் கேட்டுத் தெளிவதே முறை. சட்டம் எப்படியாயினும், அண்ணன் தானாகவே அழைத்துக் கணக்கைத் திருத்தாவிட்டால் அந்த வீட்டில் இருவரும் ஒரு பெருநாளுக்கும் மனம் விட்டு ஸலாம் சொல்லிக்கொள்ள மாட்டார்கள் என்பது நாம் அறிந்ததே.

துப்பாக்கி நம் வீடுகளில் இல்லை. ஆனால் பாட்டியின் சிவப்புக்கல் அட்டிகை இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த கடிகாரம் இருக்கிறது. பர்மாத் தேக்கு என்று சொல்லப்படும் பெட்டகம் இருக்கிறது. கல் மாற்றியது எப்போது, கடிகாரத்தின் உள்பாகம் எவ்வூரில் மாற்றப்பட்டது, பெட்டகத்தின் எந்தப் பலகை புதிது என்று தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தாம் இருப்பார். பெரும்பாலும் அவர் மூத்தவராயிருப்பார்.

ஒழுங்கான சேகரிப்பாளர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு சீட்டு. செய்த நிறுவனம், சோதனை முத்திரையின் ஆண்டு, வரிசை எண், வாங்கிய நாள், கொடுத்த விலை, விற்றவர் பெயர், அழித்த முத்திரைகள் எவை, புதிதாகப் பொறித்தவை எவை, மாற்றிய உறுப்புகள் எவை என அதில் எழுதி, பின்கட்டையின் தகட்டைக் கழற்றி அதன் அடியில் மடித்து வைத்து, மறுபடி திருகி மூடிவிடுவார்கள். அதே விவரங்களைக் கொண்ட இன்னொரு சீட்டு வீட்டுக் கணக்கேட்டில் இருக்கும். கணக்கேடு இருக்குமிடம் மனைவிக்குத் தெரிந்திருக்கும்.